பின்னோக்கிப் போகவும் ஒரு பாதை வேண்டும்

புதிதாக வந்தது எதுவும் பழையதைவிட உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை, கம்ப்யூட்டர் உலகத்தில் ஏறக்குறைய ஒரு சமய சித்தாந்தத்தின் ஸ்தானத்தைப் பெற்றுவிட்டது. அந்தச் சித்தாந்தத்துக்குத் தலைவணங்காமல், தன் மெஷினில் இப்போது ஓடுகிற புதிய இயங்குதளத்தை எடுத்துவிட்டு முன்பு இருந்ததையே திரும்பப் போட்டுக் கொடுக்கும்படி கேட்கிற மனிதனைப் பத்தாம்பசலி என்று இளைஞர்கள் பரிகசிக்கிறார்கள். ரிப்பேர்க் கடைக்காரர், "பழசு வேண்டாம் சார், அதுக்கு சப்போர்ட் கிடையாது" என்று புத்தி சொல்லுகிறார். கம்பெனியோ அவனுடைய கோரிக்கையைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அவன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்பதும், அது வெறும் பழக்கதோஷத்தைப் பற்றிய விஷயமாக இல்லாமல் ஒருவன் காசு கொடுத்து வாங்கிய பொருளின்மேல் அவனுக்கு உள்ள பாத்தியதையைப் பற்றிய விஷயம் என்பதும் என் அபிப்பிராயம்.

இந்த விவகாரத்தின் சரித்திரத்தை விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஆரம்பிப்பது பொருத்தமாக இருக்கும். 2001 அக்டோபர் 25-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலும் ஆபீஸிலும் பாங்கிலும் அச்சகத்திலும் வேரூன்றி, திரையில் தெரியும் அந்தப் பச்சைப் புல்மேட்டையும் நீல வானத்தையும் கண்டாலே இது கம்ப்யூட்டர் என்று சிறு குழந்தையும் சொல்லும்படியாக ஜனங்களோடு ஒன்றிப்போயிருந்த சமயத்தில், 2007 ஜனவரி 30-ஆம் தேதி விஸ்டா கடைகளுக்கு வந்து சேர்ந்தது. எக்ஸ்பி ஓடுவதற்குக் குறைந்தபட்சம் 64 மெகாபைட் நினைவகம் இருந்தால் போதும் என்று சொன்ன அதே கம்பெனி, விஸ்டாவுக்கு 512 மெகாபைட் வேண்டும் என்றும், அதன் கண்ணாடி அலங்காரங்களையெல்லாம் காணவேண்டுமானால் ஒரு ஜிகாபைட் வேண்டும் என்றும் விதித்தது. விஸ்டாவுக்குத் தகுதியுள்ளது என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கப்பட்ட மெஷின்களில் பல, அந்த அலங்காரங்கள் ஒன்றும் இல்லாத கீழ்ப்பதிப்பை மட்டுமே தாங்கக்கூடியவையாக இருந்தன. வாங்கினவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கின் பயனாக, கம்பெனிக்குள்ளே மேலதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் 2008-இல் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்றை நான் எப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். கம்பெனியின் முன்னாள் தலைவரும் அப்போது இயக்குநர் குழுவில் அங்கத்தினராக இருந்தவருமான ஜான் ஷர்லி, விஸ்டாவைத் தம் மெஷின்களில் போட்டுக்கொண்ட பிறகு, தம்முடைய பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் பிலிம் ஸ்கேனருக்கும் விஸ்டாவில் ஓடக்கூடிய டிரைவர்கள் இல்லை என்று கண்டு, அவற்றை உபயோகிப்பதற்காகவே ஒரு மெஷினில் எக்ஸ்பியை வைத்துக்கொள்ள வேண்டியவரானார். அந்தக் கம்பெனியையே ஒரு காலத்தில் நடத்தியவருக்கு இந்தக் கதி என்றால், சாமானியன் பாடு என்ன?

டிரைவர் என்பது, பிரிண்டர் போன்ற ஒரு சாதனத்துக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று ஒன்று சொல்வதை மற்றொன்றுக்கு விளங்கவைக்கும் சிறு மென்பொருள். இயங்குதளம் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டால் அந்த மென்பொருளையும் புதிதாக எழுதவேண்டும். எழுதவேண்டியவன் பிரிண்டரைச் செய்தவன். ஏற்கெனவே விற்றுக் காசாக்கிவிட்ட பழைய பிரிண்டருக்குப் புதிதாக ஒரு டிரைவர் எழுதிக் கொடுப்பதில் அவனுக்கு என்ன லாபம்? ஆகவே அவன் சும்மா இருந்துவிடுகிறான். நல்ல நிலையில், ஒரு பல்சக்கரம்கூடத் தேயாமல் இருக்கிற பிரிண்டர் ஒரே நாளில் பழைய இரும்பு வியாபாரிக்குப் போகிறது. இப்படியாக, பழைய பதிப்புக்குப் போக விரும்புகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பழமையின்மேல் மோகம் கொண்டவர்கள் அல்லர், வேலை நின்றுபோனவர்கள்.

நம் ஊர் டி.டி.பி. கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விஸ்தாரமாகச் சொல்லவேண்டியதில்லை. முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சிறிய அச்சகங்களில் பகலென்றும் இரவென்றும் இராது. அங்கே மூலையில், தூசி படிந்த பெட்டியோடு ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதில் எக்ஸ்பியோ, மிஞ்சினால் விண்டோஸ் 7-ஓ ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் 2001-இல் வெளியாகி அதற்குமேல் வளராமல் நின்றுபோன பேஜ்மேக்கர் 7 இருக்கும். யூனிகோட் வருவதற்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைத்த பத்திரிகைகள், பத்துப் பதினைந்து வருஷத்து வாடிக்கைக்காரர்களுடையவை, அதில் கிடக்கும். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே இளையவளுக்கும் வேண்டும் என்று கேட்டு வருகிறவருக்கு, பழைய கோப்பைத் திறந்து பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, லேசர் பிரிண்டரில் பட்டர் பேப்பரில் எடுத்து, பிளேட் போட அனுப்பிவிடுவார்கள். சில கடைகளில் அந்தத் தமிழ் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. மெஷினின் பின்புறத்தில் செருகியிருக்கும் அந்தக் கட்டைவிரல் நீளச் சாதனத்தைப் பிடுங்கிவிட்டால் எழுத்து ஒன்றும் வராது. இந்த ஏற்பாட்டின்மீது ஒரு புது இயங்குதளம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்கு டிரைவர் இல்லை; பிரிண்டர் செருகுகிற அகன்ற துளை புதிய மெஷினிலேயே இல்லை; பேஜ்மேக்கர் ஒருவாறு திறந்தாலும் நடுவில் மூடிக்கொள்கிறது. அந்தக் கடையில் வேலை செய்கிற பையன் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, பழசையே போட்டுக் குடுத்துருங்கண்ணே, நாளைக்கு டெலிவரி இருக்கு" என்று கெஞ்சுகிறானே, அது அறியாமையால் அல்ல. வேலை எதனால் நடக்கிறது என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை.

விஸ்டாவுக்குத் திரும்புவோம். பழைய பதிப்புக்கு இறங்கிக்கொள்ளும் உரிமையை மைக்ரோசாஃப்ட் அப்போது அடியோடு மறுத்துவிடவில்லை. ஆனால் அதைக் கொடுத்த விதம்தான் விசித்திரமானது. மெஷினோடு வந்த விஸ்டா பிஸினஸ் பதிப்பாகவோ அல்டிமேட் பதிப்பாகவோ இருந்தால், அதை வாங்கியவர் சட்டப்படி எக்ஸ்பி புரொஃபஷனலுக்குத் திரும்பிக்கொள்ளலாம். வீட்டுக்காரர்களுக்கு விற்ற ஹோம் பதிப்புகளுக்கு அந்த உரிமை கிடையாது. அதாவது அதிகப் பணம் கொடுத்தவனுக்கு மட்டுமே பின்வாங்க அனுமதி! அதிருப்தி பெருகவே, டெல் கம்பெனி 2007 ஏப்ரலில், வாடிக்கைக்காரர்களின் வற்புறுத்தலின் பேரில், வீட்டு மெஷின்கள் சிலவற்றிலும் எக்ஸ்பியைத் திரும்பக் கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் இன்ஃபோவேர்ல்ட் பத்திரிகை, எக்ஸ்பி விற்பனையை நிறுத்தக்கூடாது என்று ஒரு விண்ணப்பத்தை முன்வைத்து இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைச் சேர்த்தது. ஆயினும் 2008 ஜூன் 30-ஆம் தேதியோடு சில்லறை விற்பனை நின்றது. பழைய பதிப்பு போடுவதற்குத் தனியாக 59 டாலர் 25 சென்ட் வசூலித்தார்கள் என்று ஒரு பெண்மணி 2009-இல் அங்கே வழக்கே தொடுத்தார். உள்ளதைக் குறைத்துக்கொள்வதற்கும் கட்டணம் என்கிற இந்த விநோதத்தைப் பொருளாதார சாஸ்திரிகள்தான் விளக்கவேண்டும்.

விஸ்டாவில் பட்ட அநுபவத்தால் கம்பெனி கற்றுக்கொண்ட பாடம் என்ன என்று பார்த்தால், ஜனங்கள் விரும்பும்படியான பண்டத்தைச் செய்யவேண்டும் என்பது ஒன்று. அதை விண்டோஸ் 7-இல் செய்தும் காட்டினார்கள். இன்னொன்று, ஜனங்களின் விருப்பத்துக்கே அதிக சந்தர்ப்பம் கொடுக்கக்கூடாது என்பது. 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வெளியானபோது, விண்டோஸ் 7-ஐயும் 8.1-ஐயும் வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டுக் காலம் இலவசமாக அதைக் கொடுத்தார்கள். இலவசம் என்பதில் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் வேண்டாம் என்றவர்களுக்கும் அது வந்துகொண்டே இருந்தது. திரையின் மூலையில் ஓர் அழைப்பு. அதை மூடினால் மறுநாள் மற்றோர் அழைப்பு. 2016 மே மாதத்தில், மாற்றத்துக்குத் தேதி குறித்துவிட்டதாக அறிவித்த ஒரு பெட்டியை, உலகமெல்லாம் மூடுவதற்கென்று பழகியிருக்கிற அந்தப் பெருக்கல் குறியைத் தொட்டு மூடினால், மூடினவர் சம்மதித்துவிட்டார் என்றே அது எடுத்துக்கொண்டது. ராத்திரி விண்டோஸ் 7-இல் வேலை செய்துவிட்டுப் படுத்தவர்கள் காலையில் விண்டோஸ் 10-இல் கண் விழித்தார்கள். காசு கொடுத்து வாங்கிய வீட்டின் வாசற்படியை, அதைக் கட்டிய மேஸ்திரி நடுநிசியில் வந்து, இது நவீன மோஸ்தர் என்று சொல்லி வேறு பக்கம் மாற்றிவைத்துவிட்டுப் போனால் நாம் அவனை என்ன செய்வோமோ தெரியாது; கலிஃபோர்னியாவில் டிராவல் ஏஜென்ஸி நடத்திய ஓர் அம்மையார் இந்த மேஸ்திரியைக் கோர்ட்டுக்கு இழுத்துப் பதினாயிரம் டாலர் நஷ்ட ஈடு வாங்கினார். கம்பெனி அப்பீலையும் கைவிட்டது. அளவு மீறிவிட்டோம் என்று அதன் மார்க்கெட்டிங் தலைவரே அந்த வருஷம் டிசம்பரில் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது என்பதை மறைக்கக்கூடாது. புதியது பிடிக்கவில்லையானால் முப்பது நாட்களுக்குள் பழையதற்கே திரும்பிப் போகலாம் என்று ஒரு வசதியை வைத்திருந்தார்கள். பழைய இயங்குதளம் முழுவதும் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்கிற பெயரில் ஒரு கோப்புறையாக மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸில் மீட்பு என்னும் பகுதிக்குப் போய், திரும்பிச் செல் என்கிற பொத்தானை அழுத்தினால் அந்த மூட்டை அவிழும். இந்த வழியில் போனவர்களுக்கு அங்கே நடக்கும் விசாரணை ஞாபகம் இருக்கலாம். முதலில், ஏன் போகிறீர்கள் என்று கேட்டு, பழையது வேகமாக இருந்தது, பழையது சுலபமாக இருந்தது, என் மென்பொருள்கள் இதில் ஓடவில்லை என்பன போன்ற காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தேர்ந்தெடுத்தால், அதற்குள் அவசரமா, ஒரு அப்டேட் போட்டுப் பார்க்கலாமே என்று யோசனை கூறும். வேண்டாம் என்றால், இடையில் போட்ட மென்பொருள்கள் போய்விடும் என்று பயமுறுத்தும். பிறகு, பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா என்று எச்சரிக்கும். கடைசியில், முயன்று பார்த்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு வழிவிடும். இவ்வளவு விசாரணையும் திரும்பிப் போகிறவனுக்கு மட்டுந்தான் என்பதையும், புதியதற்கு வருகிறவனை அழைத்து வருவதற்குப் பெருக்கல் குறியே போதுமானதாக இருந்தது என்பதையும் வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த முப்பது நாளும் நிலைக்கவில்லை. 2016 ஆகஸ்டில் வந்த ஆண்டுவிழா அப்டேட்டோடு அது பத்து நாளாகக் குறைந்தது. இன்று விண்டோஸ் 11-க்கும் அதே பத்து நாள்தான். பத்தாம் நாள் கழிந்ததும் மூட்டை தானாக அழிந்துவிடும். பிறகு திரும்ப வேண்டுமானால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஆதியிலிருந்து போடவேண்டியதுதான். மாதக் கடைசியில் மட்டும் கணக்கு மென்பொருளைத் திறக்கிற கடைக்காரருக்கு, அது ஓடவில்லை என்பது தெரியவருவதற்கே இருபது நாள் ஆகும். பரீட்சைக் காலத்தில் மட்டும் பிரிண்டரைத் தொடுகிற டியூஷன் வாத்தியாருக்கு இரண்டு மாதம் ஆகலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கெடுவை அறுபது நாள்வரை நீட்டிக்கொள்ள அதே விண்டோஸில் ஒரு கட்டளை இருக்கிறது. கறுப்புத் திரையைத் திறந்து நிர்வாகியின் அதிகாரத்தோடு அதை டைப் செய்யவேண்டும். இயந்திரத்தால் இயலாது என்பதற்கு இடமே இல்லை. அறுபது நாள் கொடுக்க முடியும். சாமானியன் கண்ணில் படும்படி கொடுக்க மனம் இல்லை.

கம்ப்யூட்டரில் நிலைமை இதுவென்றால், கைபேசியில் இதைவிடக் கடுமை. ஐபோனில் ஓர் இயங்குதளப் பதிப்பைப் போடும்போதெல்லாம், அந்தக் குறிப்பிட்ட போனுக்கு அந்தக் குறிப்பிட்ட பதிப்பைப் போட அனுமதிக்கும் டிஜிட்டல் கையொப்பத்தை ஆப்பிள் கம்பெனியின் செர்வரிலிருந்து பெற்றாகவேண்டும். புதிய பதிப்பு வந்து சில நாட்களோ வாரங்களோ ஆனதும், பழையதற்குக் கையொப்பமிடுவதைக் கம்பெனி நிறுத்திவிடுகிறது. அப்புறம், பழைய பதிப்பின் கோப்பு முழுவதும் உங்கள் கையிலேயே இருந்தாலும், போன் உங்களுடையதாக இருந்தாலும், அதை இதில் போட உங்களால் ஆகாது. 2017-இல் வந்த சில அப்டேட்டுகள், பாட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தன. பாட்டரி திடீரென்று படுத்துப் போன் அணைந்துவிடாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்பது கம்பெனியின் சமாதானம். சமாதானத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதற்காகப் பிரான்ஸ் தேசத்து நுகர்வோர் பாதுகாப்பு இலாகா 2020 பிப்ரவரியில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது; பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லாததால் பலர் பாட்டரியையோ போனையோ மாற்ற நேர்ந்திருக்கும் என்பதையும் அது குறிப்பிட்டுச் சொன்னது. அதற்கு முன்பே 2018 அக்டோபரில், இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு ஐம்பது லட்சம் யூரோவும் அபராதம் போட்டபோது, போன்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எந்த வழியும் வைக்கவில்லை என்பதையும் ஒரு குற்றமாகவே எடுத்துக்கொண்டது. நான் மேலே சொன்ன பாத்தியதை கற்பனை அல்ல என்பதற்கு இவ்விரண்டு தீர்ப்புகளும் சாட்சி.

இனி எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்கவேண்டும். அது அலட்சியப்படுத்தத் தக்கதன்று. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கின்றன; அவை அடைக்கப்படுவதில்லை; திருடன் அவற்றின் வழியே வருவான் என்கிறார்கள். வாஸ்தவம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு நின்றபோதும் நம் நாட்டு ஏ.டி.எம்.களில் அது வெகுகாலம் ஓடிக்கொண்டிருந்தது; ரிசர்வ் வங்கி 2018-இல் கெடு வைத்து, 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் ஆதரவுள்ள பதிப்புகளுக்கு மாற்றும்படி உத்தரவிட வேண்டியதாயிற்று. அந்த உத்தரவை நான் முற்றிலும் ஆதரிக்கிறேன். ஊரார் பணத்தை வைத்திருக்கும் பெட்டி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பெட்டியைப் போல் இருந்துவிட முடியாது. இன்னும் ஒன்று சொல்லுகிறேன். பழைய பதிப்புக்கு இறக்குவது என்பதே ஒரு தாக்குதல் முறையாகவும் ஆகியிருக்கிறது. 2024 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில், முழுவதும் புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் மெஷின் ஒன்றின் பாகங்களை, உடையவனுக்குத் தெரியாமல், ஓட்டை உள்ள பழைய பாகங்களாக மாற்றிவிட முடியும் என்றும், அப்படி மாற்றிய பிறகும் எல்லாம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்றே மெஷின் சொல்லிக்கொண்டிருக்கும் என்றும் ஓர் ஆராய்ச்சியாளர் நிரூபித்துக் காட்டினார். பின்கதவைத் திறந்து வைத்தால் அதன் வழியே யார் வருவார்கள் என்கிற பயம் நியாயமான பயந்தான்.

ஆயினும் இந்த வாதத்தில் ஒரு கலப்படம் இருக்கிறது. 2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் பரவி, பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி செய்த வான்னகிரை என்கிற விஷமத்தை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களால் வந்த வினை என்றே அன்றைக்குப் பலரும் சொன்னார்கள். விசாரித்ததில், பாதிக்கப்பட்ட மெஷின்களில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 ஓடியவை என்று தெரிந்தது. அப்போது ஆதரவு உள்ள பதிப்பு அது. அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். விபத்து நடந்த மறுநாளே, ஆதரவு முடிந்து மூன்று ஆண்டு கழிந்த எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அந்த ஒட்டை வெளியிட்டது. ஆகவே ஆபத்து பதிப்பின் வயதில் இல்லை, ஒட்டுப் போடாததில் இருக்கிறது. ஒட்டுப் போடுவதோ கம்பெனி மனம் வைத்தால் பழைய பதிப்புக்கும் கூடுகிற காரியமே. ஓட்டையை அடைக்கும் ஒட்டையும், பட்டனை இடம் மாற்றி, விளம்பரத்தைப் புகுத்தி, பழைய பிரிண்டரைச் செல்லாக்காசாக்கும் புதுமைகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள விடாமல் வைத்திருக்கிறார்கள். அப்டேட்டைக் கண்டு ஜனங்கள் அஞ்சி ஒதுங்குவதற்கு இந்தப் பொட்டலமே காரணம். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த ஓர் அப்டேட், சிலருடைய ஆவணக் கோப்புறையில் இருந்த கோப்புகளையே அழித்துவிட, கம்பெனி சில நாட்களிலேயே விநியோகத்தை நிறுத்திற்று. அப்படி ஒரு தடவை சூடு கண்டவன் அடுத்த ஒட்டையும் தள்ளிப்போடத்தான் செய்வான். திரும்பிவர வழி உண்டு என்கிற தைரியம் இருந்தால் அவன் முதலிலேயே போட்டுக்கொள்வான்.

லினக்ஸ் உலகத்தில் இந்தத் தகராறு இவ்வளவு முற்றவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அங்கேயும் ஏறினவர் இறங்குவது சுலபம் அன்று. டெபியன் கூட்டத்தார் தங்கள் இயங்குதளத்தைப் பழைய பதிப்புக்கு இறக்குவதை ஆதரிப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஏறவேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டவருக்கு ஐந்து ஆண்டுவரை பாதுகாப்பு ஒட்டுகள் வந்துகொண்டிருக்கும்; நடுவில் எத்தனை புதுப் பதிப்புகள் வந்தாலும் அவருடைய மேஜையை யாரும் கலைக்க மாட்டார்கள். இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருக்கவிட்டால், திரும்பிப் போகிற பேச்சே எழாது அல்லவா?

இப்போது விண்டோஸ் 10-இன் முறை வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். அவை இல்லாத, ஆனால் அன்றாட வேலைக்கு ஒரு குறையும் இல்லாத மெஷின்கள் நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஏராளம். இவற்றுக்காக மேலும் ஓராண்டுப் பாதுகாப்பு ஒட்டுகளைக் கம்பெனி ஒரு திட்டமாக அறிவித்தது. முப்பது டாலர் கொடுக்கவேண்டும், அல்லது தன் மெஷினின் அமைப்புகளைக் கம்பெனியின் இணையக் கிடங்கில் சேமிக்கச் சம்மதிக்கவேண்டும், அல்லது கம்பெனி கொடுக்கும் பரிசுப் புள்ளிகளில் ஆயிரத்தைச் செலுத்தவேண்டும் என்றது. ஐரோப்பாவின் நுகர்வோர் சங்கங்கள் சண்டை பிடித்தன. அங்கே மட்டும் அந்த நிபந்தனைகளைத் தளர்த்தி, கம்பெனிக் கணக்கில் உள்நுழைந்தால் போதும், காசு வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். ஒரே மென்பொருள், ஒரே ஓட்டை, ஒரே ஒட்டு. கேட்ட ஊருக்கு ஒரு விலை, கேளாத ஊருக்கு ஒரு விலை.

நம்முடைய தேசத்திலும் கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. ஐஓஎஸ் 18 போட்டுக்கொண்ட பிறகு ஐபோன்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று வந்த புகார்களின்பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பதாக 2025 ஜனவரியில் அத்துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். ஆணையம் அந்த ஒரு கம்பெனியோடும் அந்த ஒரு பதிப்போடும் நின்றுவிடாமல், இந்நாட்டில் கம்ப்யூட்டரும் கைபேசியும் விற்கிற எல்லாரையும் கூப்பிட்டு, பெரிய மாற்றம் எதையும் உடையவரின் தெளிவான சம்மதமின்றிப் போடக்கூடாது என்றும், போட்ட பிறகு மூன்று மாதமாவது பழையதற்குத் திரும்ப வழி வைக்கவேண்டும் என்றும், அந்த மூன்று மாதமும் பழைய பதிப்புக்கும் பாதுகாப்பு ஒட்டுகள் கொடுக்கவேண்டும் என்றும் விதிக்குமானால், அது கோடிக்கணக்கான ஜனங்களுக்குச் செய்த உபகாரமாகும். மூன்று மாதம் என்பது என் சொந்தக் கணக்கு. நிபுணர்கள் கூட்டியோ குறைத்தோ சொல்லட்டும், ஆனால் பத்து நாள் போதாது.

அதுவரையில், விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளும்படி உங்கள் திரையில் அழைப்பு வந்தால், முதலில் உங்கள் கோப்புகளையெல்லாம் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரைச் செய்த கம்பெனியின் வலைத்தளத்தில் புதிய டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். மாறிக்கொண்ட பிறகு, மாதத்துக்கு ஒருமுறை மட்டுமே திறக்கிற மென்பொருள்களையும் அந்த முதல் வாரத்துக்குள் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். திரும்புவதானால் பத்தாம் நாளுக்குள் திரும்பிவிட வேண்டும்.